வழித்தடப் பலகை

ரோசா பஸ்ஸின் நெற்றியில்
மட்டக்களப்பு – பொத்துவில் என்ற பலகை
இன்னும் கிடக்கிறது.
கழற்றச் சொல்லி நான் கேட்டு
மூன்று வெள்ளாமை போயிற்று.
ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டதாம்.
வெட்டு மெசினின் குடலையெல்லாம்
வயல் நடுவே பிரித்துப் போடுகிற மனிசனுக்கு
நாலு ஆணி கழரவில்லை.

நாங்கள் ஒன்பது பேர்.
பேரின்பம், நான், ஏழு பிள்ளைகள்.
இருபத்தாறு சீட்டில் ஆறை விட்டு
மற்றதெல்லாம் களுவாஞ்சிக்குடியில் விற்றோம்.
அந்தக் காசில் தண்ணீர்த் தாங்கி, கேஸ் அடுப்பு,
ஜன்னலுக்கு நுளம்பு வலை.
பின்சீட்டு நீளமானது,
நாலு பேர் தலைமாறிப் படுப்பார்கள்.
மிதுர்ஷனுக்கு என்ஜின் மூடி:
படுக்கும்போது சுடுகுதென்று அழுவான்
விடியப்புறம் ஆறிப்போச்சென்று அழுவான்.

வெள்ளாமை எங்கே முற்றுகிறதோ அங்கே எங்கள் ஊர்.
சம்மாந்துறையில் மெசின் நின்றால் சம்மாந்துறை,
மறுகா நாவிதன்வெளி, வெல்லாவெளி,
உன்னிச்சைப் பக்கம் யானைவேலி ஓரம்.
குளிக்க வாய்க்கால்.
மற்றதுக்கு எந்தப் பெட்ரோல் செட்,
எந்தக் கோயில் கிணற்றடி, எந்த வீட்டுக்காரி
முகம் சுழிக்காமல் கதவு திறப்பாள் என்று
எனக்கு மனப்பாடம்.
ஐந்து பொம்பிளைப் பிள்ளைகளைப் பெற்றவளின்
வரைபடம் அது. யாருக்கும் காட்டுவதில்லை.

பரீட்சைப் படிவத்தில்
நிரந்தர விலாசம் என்ற கோட்டில்
லுக்சிகா பஸ் நம்பரை எழுதினாள்.
கிராம சேவகர் சிரித்தார்,
தேத்தண்ணி தந்தார்,
சிவப்புப் பேனாவால் வெட்டினார்.
யார் வீட்டு நம்பரையோ கடன் வாங்கித்தான்
அவள் கணக்கில் ஏ எடுத்தாள்.

ஒரு பின்னேரம் தம்பிலுவில் சந்தி.
மீன் வாங்க நிற்பாட்டின நேரம்
பின்கதவால் ஒருவர் ஏறினார்.
கையில் உரப்பை, தோளில் துவாய்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
கொடியில் தொங்கின சட்டைகளைப் பார்த்தார்
தேங்காய் துருவின என்னைப் பார்த்தார்
இருநூறு ரூபாயை நீட்டி
"கோமாரி ஒண்டு" என்றார்.

பிள்ளைகள் மூச்சு விடவில்லை.
துவாரகிதான் நோட்டை வாங்கி
என் பேர்சைத் திறந்து
எண்பது ரூபாய் மிச்சம் கொடுத்தாள்.
எங்கே படித்தாளோ அந்த முகத்தை.
இனி என்ன செய்ய,
புட்டும் கீரிமீன் சொதியும் ஒரு கோப்பையில் போட்டு
அவருக்கும் நீட்டினேன்.
வேண்டாமென்று சொல்லிக்கொண்டே
இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

சங்கமன்கண்டி தாண்டத்தான் கேட்டார்,
மெதுவாக, மனம் நோகக்கூடாதென்ற மாதிரி:
"தம்பி, இது பிரைவேட்டா, சீரீபியா?"
கண்ணாடிக்குள்ளால் பேரின்பம் சொன்னார்:
"குடும்பம்."

கோமாரியில் இறங்கி
உரப்பையைப் பிரித்து
நாலு வெள்ளரிப்பழத்தைப் படியில் வைத்தார்.
"நாளைக்கும் இந்த நேரம்தானே?"

அன்றிரவு எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு
எனக்கு நித்திரை வரவில்லை.
ஊரில் வீடிருப்பவர்களைக் கண்டு
பொறாமைப்படுவது எனக்குப் பழக்கம்.
அன்றைக்கு அது வரவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
கடல் பக்கமிருந்து காற்று வந்தது, அவ்வளவுதான்.

விடிய எழும்பினால்
பேரின்பம் ஏணியில் நிற்கிறார்,
கையில் எண்ணெய்ப் போத்தலும் ஸ்பேனரும்.
இரண்டு ஆணி கழன்றுவிட்டது.
"கிடக்கட்டும்" என்றேன்.
"மூணு வருசமாக் கழட்டு கழட்டெண்டு..."
"கிடக்கட்டுங்கா."

இப்போது பலகை ஒருபக்கம் சரிந்து கிடக்கிறது.
சனம் தலையைச் சரித்து வாசித்துவிட்டுக்
கை காட்டுகிறார்கள்.
சிலவேளை நிற்பாட்டுகிறோம்.

துவாரகியின் கணக்குக் கொப்பியில்
கடைசி ஒற்றையைத் திருப்பிப் பார்த்தேன்:
கோமாரி ஒன்று – நூற்றிருபது.
புட்டு – இலவசம்.